டொரண்டோவின் கற்கட்டடங்கள்: கட்டியவர்களின் நினைவுகளைக் காப்பது யார்?

கனடாவின் மிகப்பெரிய நகரமான டொரண்டோவில் பழைய கட்டடங்களைக் காப்பதற்குச் சட்டம் இருக்கிறது. அதற்கெனக் குடிமக்கள் அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் அக்கட்டடங்களுக்காகக் கல் உடைத்து, செதுக்கி, அடுக்கிய தொழிலாளர்களின் நினைவுகளைத் திரட்டும் முயற்சி மிகவும் தாமதமாகவே தொடங்கியது. கட்டடம் நிற்கும்போதே அதைக் கட்டியவர்களின் வரலாறு மறைந்துவிடக்கூடும் என்பதற்கு டொரண்டோ ஒரு தெளிவான எடுத்துக்காட்டு.

பெயர் பொறித்த கட்டடக் கலைஞர்

டொரண்டோவின் மையப்பகுதியில், குயீன் வீதியும் பே வீதியும் சந்திக்கும் இடத்தில் நிற்பது பழைய நகர மண்டபம். 1889இல் தொடங்கிய கட்டுமானம் நிறைவுபெற்று, 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி இது திறந்துவைக்கப்பட்டது. இதன் மணிக்கூட்டுக் கோபுரம் நூறு மீட்டருக்கும் சற்று அதிகமான உயரம் கொண்டது.

இதை வடிவமைத்தவர் ஈ. ஜே. லெனொக்ஸ். கட்டுமானச் செலவு மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டிச் சென்றதால் அவருக்கும் நகர சபைக்கும் இடையே உறவு கசந்தது. தமது பெயர் தாங்கிய பலகையைக் கட்டடத்தில் பதிக்க சபை அனுமதிக்கவில்லை என்பதால், மேல்மாடிக் கூரை விளிம்பின் கீழுள்ள கல் தாங்கிகளில் எழுத்துக்கு ஒரு கல்லாகத் தமது பெயரையும் 1898 என்ற ஆண்டையும் அவர் செதுக்கச் செய்தார். முன்வாசல் தூண்களில் கோணல் முகங்களாகக் காணப்படும் சிற்பங்கள் அக்காலத்து நகர சபை உறுப்பினர்களைக் கேலி செய்பவை என்பது இந்நகரில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி.

இந்தக் கதையை நகரின் சுற்றுலா வழிகாட்டிகள் அனைவரும் விரும்பிச் சொல்வார்கள். ஆனால் அந்த எழுத்துகளைச் செதுக்கிய உளி யார் கையில் இருந்தது என்பது அக்கதையில் வருவதில்லை. கட்டடக் கலைஞர் தமது பெயர் மறைக்கப்படுவதை எதிர்த்துப் போராடினார். அந்தப் போராட்டத்தைக் கல்லில் நிறைவேற்றிக் கொடுத்தவர்களோ பெயரின்றியே போயினர்.

இதனுடன் ஒப்பிடத்தக்க செய்தி தமிழர் வரலாற்றில் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயரைப் பதிவு செய்திருக்கின்றன. தலைமைத் தச்சனின் பெயரை மன்னனின் கோயிலே தாங்கி நிற்பது சிறப்பான செய்திதான். ஆயினும் அங்கும் கல் சுமந்தோர், உளி பிடித்தோர் ஆகியோரில் மிகப் பெரும்பாலானோரின் பெயர்கள் இல்லை. அவர்களது உழைப்பின் தடம், விமானத்தின் உச்சிக்குக் கல்லை ஏற்றிய சாரம் தொடங்கிய இடம் என்று மக்கள் சொல்லும் சாரப்பள்ளம் போன்ற ஊர்ப்பெயர்க் கதைகளில்தான் எஞ்சியிருக்கிறது.

கல்லும் கைகளும் வந்த வழி

ஒண்டாரியோ மாகாண சட்டமன்றம் 1893இல் குயீன்ஸ் பார்க்கில் திறக்கப்பட்டது. அதன் இளஞ்சிவப்பு நிற மணற்கல், நகருக்கு வடமேற்கேயுள்ள கிரெடிட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கற்சுரங்கங்களிலிருந்து வந்தது. பழைய நகர மண்டபத்திற்கும் அதே பள்ளத்தாக்கின் கல் பயன்பட்டது. அதனுடன் கிழக்குக் கடலோர மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கின் மணற்கல்லும் சேர்ந்தது. 1927இல் திறக்கப்பட்ட யூனியன் ரயில் நிலையத்தின் முகப்பில் நிற்கும் 22 தூண்கள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. ஒவ்வொன்றும் 40 அடி உயரமும் ஏறக்குறைய 75 டன் எடையும் கொண்டவை.

கல்லைப் போலவே தொழிலாளர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து ஆகிய இடங்களிலிருந்து கற்தச்சர்கள் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். கனடாவின் இரண்டாவது பிரதமரான அலெக்சாண்டர் மெக்கன்சி அவர்களில் ஒருவர். 1822இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், 1842இல் கிங்ஸ்டன் நகருக்கு வந்து கற்தச்சராக வேலை செய்தார். 1873 முதல் 1878 வரை அவர் பிரதமராக இருந்த காலத்தில்தான் கனடாவில் இரகசிய வாக்களிப்பு முறையும் உச்சநீதிமன்றமும் வந்தன.

தொழிலாளர் ஒருவர் நாட்டின் தலைமைக்கு உயர்ந்த கதை அரிதானது. அதனாலேயே அது பதிவாகியிருக்கிறது. சர் ஹென்றி பெல்லட் என்ற செல்வந்தர் 1911 முதல் 1914 வரை கட்டிய காசா லோமா மாளிகையில் சுமார் 300 பேர் வேலை செய்தனர். 98 அறைகள் கொண்ட அந்த மாளிகையின் வளாகத்தைச் சுற்றியுள்ள கல்மதிலை எழுப்பியவர்கள் ஸ்காட்லாந்துக் கற்தச்சர்கள் என்பது தெரியும். செலவான தொகை, சுமார் 35 இலட்சம் டாலர் என்பதும் தெரியும். அந்தத் தொழிலாளர்கள் எங்கே தங்கினார்கள், குளிர்காலத்தில் வேலை நின்றபோது எப்படிப் பிழைத்தார்கள் என்பவை குறித்து மாளிகை எதையும் சொல்வதில்லை.

பேயாக எஞ்சிய தொழிலாளி

டொரண்டோவில் பெயர் நிலைத்துவிட்ட கற்தச்சர்கள் இருவர் உண்டு. அவர்கள் வாழ்ந்ததற்கே உறுதியான சான்று இல்லை என்பதுதான் விந்தை.

டொரண்டோ பல்கலைக்கழகத்தின் யூனிவர்சிட்டி காலேஜ் கட்டடம் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவுபெற்றது. அங்கு வேலை செய்த ஐவன் ரெஸ்னிகொஃப் என்ற ரஷ்யக் கற்தச்சரும் போல் டியபொலோஸ் என்ற கிரேக்கக் கற்தச்சரும் ஒரு பெண்ணின் பொருட்டுப் பகைத்துக்கொண்டதாகக் கதை. கோடரியுடன் துரத்திய ரெஸ்னிகொஃபை மற்றவர் குத்திக் கொன்று, கட்டிமுடிக்கப்படாத கோபுரத்தில் உடலை வீசிவிட்டார் என்கிறார்கள். 1890ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் தேதி அக்கட்டடம் தீப்பற்றி எரிந்த பின்னர் இடிபாடுகளில் ஓர் எலும்புக்கூடு கிடைத்ததாகவும் கதை தொடர்கிறது. கதவொன்றில் உள்ள வெட்டுத்தழும்பைக் கோடரியின் அடையாளம் என்று மாணவர்கள் இன்றும் காட்டுகிறார்கள்.

இதை வெறும் பேய்க்கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும், ஒரு பல்கலைக்கழகம் தன்னைக் கட்டிய தொழிலாளர்களை எந்த வடிவத்தில் நினைவுகூர்கிறது என்ற கேள்வியை இது எழுப்புகிறது. அக்கட்டடத்தின் வேலை தொடங்கிய அதே 1856இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டிருந்த கற்தச்சர்கள் ஏப்ரல் 21ஆம் தேதி கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். கூலி குறையாமல் எட்டு மணிநேர வேலைநாளை அவர்கள் வென்றெடுத்தனர். மெல்பர்னில் கற்தச்சர் உரிமைப் போராட்டத்தின் அடையாளமாக நினைவில் நிற்கிறார். டொரண்டோவில் அவர் கோபுரத்தைச் சுற்றும் ஆவியாக நிற்கிறார். ஒழுங்கமைந்த தொழிலாளர் இயக்கம் தன் வரலாற்றைத் தானே சொல்லிக்கொள்ளும் இடத்திற்கும், பிறர் சொல்லக் கேட்கும் இடத்திற்கும் உள்ள வேறுபாடு இது.

வாய்மொழி வரலாற்றின் வரவு

எழுத்தில் பதியாதவர்களின் அனுபவத்தை நேர்காணல் மூலம் திரட்டும் முறைக்கு வாய்மொழி வரலாறு என்று பெயர். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலன் நெவின்ஸ் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் தலைவர்களையும் அதிகாரிகளையும் பதிவு செய்யவே இது பயன்பட்டது. உழைப்பாளர்களை நோக்கி ஒலிப்பதிவுக் கருவி திரும்பியது பின்னர்தான். 1974இல் வெளிவந்த ஸ்டட்ஸ் டெர்கலின் தொழில் குறித்த நேர்காணல் தொகுப்பில் இண்டியானாவைச் சேர்ந்த கற்கொத்தர் ஒருவரும் பேசுகிறார்.

மனித நினைவு பிழைபடக்கூடியது என்பது இம்முறைக்கு எதிராக வைக்கப்படும் முக்கிய வாதம். இதற்கு இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லியின் ஆய்வு ஒரு விடை தருகிறது. டெர்னி என்ற தொழில்நகரில் 1949இல் காவல்துறையினரால் கொல்லப்பட்ட தொழிலாளி, 1953இல் நடந்த வேலைநீக்கப் போராட்டத்தின்போது இறந்ததாகவே பலர் நினைவுகூர்ந்தனர். அது பிழைதான். ஆனால், தங்கள் தோழரின் மரணத்திற்கு எந்தப் போராட்டம் பொருள் தந்ததாக அவர்கள் கருதினார்கள் என்பதை அந்தப் பிழையே வெளிப்படுத்துகிறது என்றார் போர்ட்டெல்லி.

ஆகவே வாய்மொழிச் சான்றை ஆவணங்களுடன் ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும். கூலிப்பட்டியல், கணக்கெடுப்பு, நீதிமன்றப் பதிவு ஆகியவற்றுடன் பொருந்தாத இடங்களில் ஆய்வாளர் நின்று காரணம் தேட வேண்டும்.

இத்தாலியத் தொழிலாளர்களின் குரல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கற்தச்சர்களைக் கேட்டு எழுத இனி வழியில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டொரண்டோவை விரிவாக்கிய கட்டடத் தொழிலாளர்கள் விடயத்தில் காலம் முழுவதும் கைமீறவில்லை. அவர்களில் பெரும்பகுதியினர் இத்தாலியர்கள். அடுத்து போர்த்துக்கீசர்கள் வந்தனர். செங்கல் வேலை, கல்வேலை, கொங்கிறீட், சுரங்கம் தோண்டுதல் எனப் பல துறைகளில் அவர்கள் பரவினர். வட இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியினர் சலவைக்கல் துண்டுத் தளம் போடுவதில் பெயர்பெற்றவர்கள்.

1960ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி ஹொக்ஸ் ஹொலோ என்ற இடத்தில் குடிநீர்க் குழாய்க்கான சுரங்கத்தில் ஏற்பட்ட தீயில் ஐந்து இத்தாலியக் குடியேறிகள் உயிரிழந்தனர். அதே ஆண்டிலும் 1961இலும் குடியேறித் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தங்களில் இறங்கினர். அவற்றை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான புரூனோ ஸனீனி, செங்கல் கொத்தனாராகவும் ஒபரா பாடகராகவும் இருந்தவர். தொழில் பாதுகாப்பு விதிகள் கடுமையாவதற்கு இந்நிகழ்வுகள் வழிவகுத்தன. எனினும் ஹொக்ஸ் ஹொலோவில் இறந்தவர்களை நினைவுகூரும் கலைப்படைப்பு அருகிலுள்ள யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் இடம்பெறுவதற்கு அரை நூற்றாண்டு ஆனது.

1976இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஹார்னி தொடங்கிய ஒண்டாரியோ பல்பண்பாட்டு வரலாற்றுச் சங்கம், குடியேறிகளின் நேர்காணல்களை ஆயிரக்கணக்கான மணிநேர ஒலிநாடாக்களாகத் திரட்டியது. 1992இல் வெளியான பிராங்கா யாக்கோவெட்டாவின் நூல், போருக்குப் பிந்தைய இத்தாலியத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வை நேர்காணல்களின் துணையுடன் ஆராய்ந்தது. பின்னர் யோர்க் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஜில்பெர்ட்டோ ஃபெர்னாண்டஸ் முன்னெடுத்த 'சிட்டி பில்டர்ஸ்' திட்டம், குடியேறிக் கட்டடத் தொழிலாளர்களை நேரடியாகப் பேசவைத்தது.

இத்தகைய பதிவுகளில் கட்டடக் கலை நூல்களில் இல்லாத ஒரு நகரம் தென்படுகிறது. அங்கே வானளாவிய கட்டடம் என்பது பெருமைக்குரிய பின்னணி மட்டுமல்ல; கூலி பாக்கி, கீழே விழுந்த தோழர், மொழி தெரியாத மேற்பார்வையாளர், வீட்டில் காத்திருந்த மனைவி ஆகியோரும் சேர்ந்ததே அந்நகரம்.

ஸ்கார்பரோவில் ஒரு கற்பூங்கா

தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவில், ஒண்டாரியோ ஏரிக்கரைச் செங்குத்துப் பாறைகளின் மேல் கில்ட் பூங்கா அமைந்துள்ளது. 1932இல் ரோசா, ஸ்பென்சர் கிளார்க் தம்பதியினர் இங்கு ஒரு கலைஞர் குடியிருப்பை உருவாக்கினர். பின்னாளில் டொரண்டோவின் பழைய கட்டடங்கள் வரிசையாக இடிக்கப்பட்டபோது அவற்றின் தூண்கள், முகப்புகள், சிற்பப் பலகைகள் ஆகியவற்றை அவர்கள் வாங்கிக்கொண்டுவந்து இங்கே நிறுத்தினர். 1966இல் இடிக்கப்பட்ட டொரண்டோ வங்கித் தலைமையகத்தின் எட்டுத் தூண்கள் 1982இல் ஒரு திறந்தவெளி அரங்காக மறுபிறவி எடுத்தன. தமிழ்க் குடும்பங்களின் திருமணப் புகைப்படங்களுக்கும் இத்தூண்கள் பின்னணியாகின்றன.

பழைய நகர மண்டபமும் இந்தக் கதிக்கு ஆளாகியிருக்கக்கூடும். 1965இல் புதிய நகர மண்டபம் திறக்கப்பட்ட காலத்தில், பெரும் வணிக வளாகமொன்றுக்காக மணிக்கூட்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து மற்றதை இடிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. குடிமக்களின் எதிர்ப்புக்குப் பின் 1967இல் அது கைவிடப்பட்டது. 1975இல் ஒண்டாரியோ மரபுரிமைச் சட்டம் வந்தது. பல பத்தாண்டுகள் நீதிமன்றமாக இயங்கிய பழைய மண்டபம், 2023இல் அருகே புதிய நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டதையடுத்து, இனி எதற்குப் பயன்படும் என்ற விவாதத்திற்கு உள்ளானது.

கை அறிந்த நுட்பம்

தொழிலாளர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது நன்றிக்கடன் மட்டுமல்ல. கட்டடங்களைக் காப்பதற்கே அது தேவைப்படுகிறது.

மணற்கல்லும் சுண்ணாம்புக் கல்லும் படிவுப் பாறைகள். பூமியில் அவை அடுக்கடுக்காகப் படிந்த நிலையிலேயே சுவரிலும் கிடத்தப்பட வேண்டும். அடுக்குகள் முகப்பை நோக்கி நிற்குமாறு கல்லை நிறுத்திவைத்தால், ஈரம் புகுந்து பனியில் உறைந்து, கல் தோல் உரிவதுபோல் உரியும். டொரண்டோவின் குளிர்காலத்தில் உறைவதும் உருகுவதும் மாறி மாறி நிகழ்வதால் இந்தச் சேதம் விரைவில் வெளிப்படும்.

சாந்தும் அவ்வாறே. பழைய சுவர்களில் பூசப்பட்ட சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. சுவருக்குள் இறங்கிய ஈரம் அதன் வழியே வெளியேறும். பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் பல இடங்களில் கடினமான சீமெந்தை இணைப்புகளில் அடைத்தனர். ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே தங்கியதால், இணைப்பு நின்று கல் சிதைந்தது. கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டு அதன் குறையை அறிவது, சாந்தின் பதத்தைக் கரண்டியில் உணர்வது போன்ற அறிவு வரைபடங்களில் இருப்பதில்லை. அது மூத்த தொழிலாளியிடமிருந்து இளையவருக்கு வேலையிடத்தில் கைமாறுவது.

போருக்குப் பின்னர் கண்ணாடியும் எஃகும் கொங்கிறீட்டும் கட்டடத் துறையைக் கைப்பற்றியபோது இந்தக் கைமாற்றம் பெருமளவில் அறுந்தது. கிரெடிட் பள்ளத்தாக்கின் கற்சுரங்கங்களும் பெரும்பாலும் மூடப்பட்டன. ஒண்டாரியோவின் பெர்த் நகரிலுள்ள அல்கொன்குவின் கல்லூரி மரபுரிமைக் கல்வேலைக்கெனப் பயிற்சி நடத்தத் தொடங்கியது இந்த வெற்றிடத்தை நிரப்பவே. கல் தூசியால் நுரையீரல் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களின் அனுபவமும் இத்தகைய பயிற்சிக்கு ஒரு பாடமாகும்.

சட்டமும் காலக்கெடுவும்

பதிவுப் பணிக்கு அவசரம் சேர்க்கும் மற்றொரு காரணம் சட்ட மாற்றம். வீட்டுப் பற்றாக்குறையைப் போக்குவதற்கென ஒண்டாரியோ அரசு 2022 நவம்பரில் நிறைவேற்றிய 23ஆம் இலக்கச் சட்டமூலம், மரபுரிமைச் சட்டத்தையும் திருத்தியது. இதன்படி, நகராட்சிகளின் பதிவேட்டில் பட்டியலிடப்பட்டு, ஆனால் முழுப் பாதுகாப்பு வழங்கப்படாத கட்டடங்களுக்குக் காலக்கெடு விதிக்கப்பட்டது. அதற்குள் பாதுகாப்பு அறிவிப்பு வராவிட்டால் அவை பட்டியலிலிருந்து நீங்கும். அடுத்த ஐந்தாண்டுகளுக்கு மீண்டும் சேர்க்க இயலாது. முதலில் 2025 ஜனவரி 1 என்றிருந்த இக்கெடு, 2024இல் செய்த திருத்தத்தால் 2027 ஜனவரி 1 ஆனது. டொரண்டோவில் இத்தகைய கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

குடியிருக்க வீடின்றி மக்கள் தவிக்கும் நகரில் பழைய சுவர்களுக்காக வாதாடுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கும்போது கட்டடக் கலைஞரின் புகழும் முகப்பின் அழகும் மட்டுமே அளவுகோல்களாக இருந்தால், தொழிலாளர் குடியிருப்புகளும் சங்க மண்டபங்களும் சிறு பட்டறைகளும் முதலில் பட்டியலிலிருந்து விழும். ஒண்டாரியோச் சட்டம் கட்டடத்தின் வரலாற்றுத் தொடர்பையும் ஒரு மதிப்பாக ஏற்கிறது. அந்தத் தொடர்பை நிறுவுவதற்கு யாராவது பேசியிருக்க வேண்டும். யாராவது அதைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

தமிழர்களுக்கான பாடம்

கல்வேலை டொரண்டோவில் பழங்கதையாகிவிடவில்லை. 2007 ஜூலையில் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோயில், இந்தியாவில் கையால் செதுக்கப்பட்ட சுமார் 24,000 கல் துண்டுகளை இங்கு கொண்டுவந்து பொருத்தி எழுப்பப்பட்டது. அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் கணபதி ஸ்தபதி வடிவமைத்த இறைவன் கோயிலுக்காக பெங்களூர் அருகே 1990இல் கல் செதுக்கும் பணி தொடங்கி, 2023இல் குடமுழுக்கு நடந்தது. ஒரு தலைமுறைக் காலம் நீண்ட அவ்வேலையில் இளைஞராகச் சேர்ந்தவர் முதியவராக வெளியேறியிருப்பார். டொரண்டோவைச் சுற்றி எழுந்த இந்துக் கோயில்களிலும் இந்தியாவிலிருந்து வந்த சிற்பிகள் வேலை செய்து திரும்பியிருக்கின்றனர். கோயில் மலர்களில் கொடையாளர்களின் பட்டியல் இருக்கும். உளி பிடித்தவர்களின் வாழ்க்கைக் குறிப்பு இருப்பது அரிது.

இலங்கைத் தமிழர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விடயம். யாழ்ப்பாணத்தின் பழைய வீடுகளும் தேவாலயங்களும் மதில்களும் சுண்ணாம்புக் கல்லாலும் முருகைக் கல்லாலும் எழுந்தவை. போரில் அவற்றில் பல அழிந்தன. 1981 ஜூனில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கட்டிய கொத்தர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. அத்தொழிலை அறிந்த மூத்தவர்களில் சிலர் பிள்ளைகளுடன் டொரண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் தமது இறுதிக் காலத்தைக் கழிக்கின்றனர். 2005இல் தொடங்கப்பட்ட நூலக நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் ஆவணப்படுத்தி வருவது இந்நிலையில் கவனத்திற்குரியது.

இடிந்த கட்டடத்தைப் படங்களின் துணையுடன் மீண்டும் எழுப்ப இயலும். யாழ்ப்பாண நூலகமே அதற்குச் சான்று. எந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தார்கள், சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைத்தார்கள், கூலி என்ன, யார் எந்த வாசலால் உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள் என்பவற்றை அவ்வாறு மீட்க இயலாது. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசியாக இருக்கிறது. பேசுவதற்கு இன்னும் இருக்கும் முதியவர்களிடம் அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கான காலம்தான் குறைந்துகொண்டே செல்கிறது.